ஃபுளூரின் என்னும் கந்துவட்டிக்காரன்

பி.காம். முதல் ஆண்டில் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒருவர் வாங்கியிருந்தால் இன்னொருவர் கொடுத்திருக்க வேண்டும். பற்று ஒன்று இருந்தால் அதற்குச் சமமான வரவு எங்கேயாவது இருந்தே தீரும். லூக்கா பாசியோலி 1494-இல் வெனிஸ் நகரத்தில் அச்சுப் புத்தகமாகப் போட்ட இந்த இரட்டைப் பதிவு முறையை, வேதியியல்காரர்களும் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ரூபாய்க்குப் பதிலாக எலக்ட்ரானை எண்ணுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பேரேட்டில் ஒவ்வொரு தனிமத்தின் பெயருக்கு நேராகவும் எழுதப்படும் எண்ணுக்கு ஆக்சிஜனேற்ற நிலை என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் இதே பெயர்தான். சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, அதன் பக்கத்தில் +1. குளோரின் அதை வாங்கிக்கொள்கிறது, அதன் பக்கத்தில் -1. கூட்டினால் பூஜ்யம். கணக்கு டேலி ஆகிவிட்டது. சமையலறையில் இருக்கும் உப்பு இதுதான்.

ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு கொடுக்கல் பழக்கம் உண்டு. சோடியம் ஒன்று கொடுக்கும், கால்சியம் இரண்டு கொடுக்கும், அலுமினியம் மூன்று கொடுக்கும். வெள்ளி வழக்கமாக ஒன்றோடு கையை மூடிக்கொள்ளும். பாதரசம் ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. தங்கம் ஒன்று அல்லது மூன்று. பிளாட்டினம் இரண்டு அல்லது நான்கு. பள்ளிக்கூட அட்டவணையில் இப்படித்தான் இருக்கும், அதை மனப்பாடம் செய்துதான் எல்லோரும் பாஸ் செய்திருப்பார்கள்.

இந்த வழக்கத்தை மீறிய சேர்மங்களும் உலகத்தில் உண்டு. +2-இல் இருக்கும் வெள்ளி, +4-இல் இருக்கும் நிக்கல், +5-இல் இருக்கும் தங்கம், +6-இல் இருக்கும் பிளாட்டினம். இந்த வரிசையில் வரும் கேஸ்களைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் பின்னால் நிற்பது ஒரே ஆள். ஃபுளூரின்!

ஆள் யார்?

பற்பசை டப்பாவில் ஃபுளூரைடு என்று போட்டிருக்கிறதே, அதுவா என்று கேட்கலாம். குடும்பம் ஒன்றுதான், குணம் வேறு. ஃபுளூரைடு என்பது வயிறு நிறைந்த ஃபுளூரின். தனக்கு வேண்டிய ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருப்பது. தனி ஃபுளூரின் வாயு அப்படிப்பட்டதில்லை. அது தண்ணீரைத் தொட்டால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையே வெளியே துரத்தும். மெல்லிய இரும்பு நூல் அதில் பற்றி எரியும். ஆக்சிஜன் என்பதே பிறரிடம் எலக்ட்ரானைப் பிடுங்குவதற்குப் பெயர் போனது. அந்த ஆக்சிஜனிடமிருந்தே பிடுங்குகிறவனை என்னவென்று சொல்வது? நம் ஊர் பாஷையில் கந்துவட்டிக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைத் தனியாகப் பிரித்தெடுக்க 19-ஆம் நூற்றாண்டில் பலர் முயன்று உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். 1830-களில் அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் இருவரும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு நஞ்சால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். பெல்ஜியத்தின் லூயே, பிரான்சின் நிக்லேஸ் இருவரும் உயிரையே விட்டார்கள். கடைசியில் 1886 ஜூன் 26 அன்று பாரிசில் ஆன்றி முவாசான் என்பவர் வெற்றி பெற்றார். நீர் கலக்காத ஹைட்ரஜன் ஃபுளூரைடில் பொட்டாசியம் உப்பைக் கரைத்து, கடுங்குளிரில் வைத்து, அதற்குள் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தார். 1906-இல் நோபல் பரிசு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மரணம், வயது 54.

முவாசான் பயன்படுத்திய குழாய் பிளாட்டினத்தால் ஆனது. மின்முனைகளோ பிளாட்டினமும் இரிடியமும் கலந்த உலோகம். காரணம் சுலபம். பிளாட்டினம் எதற்கும் அசையாது, அமிலத்துக்கும் அசையாது என்ற நம்பிக்கை. ஆனால் அந்த மின்முனையையும் ஃபுளூரின் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றது. பூட்டு போட்ட பெட்டியையே திருடன் தின்ற கதை! 'கொடுக்காதவன்' என்று பெயரெடுத்த பிளாட்டினமும் கொடுக்கும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எவ்வளவு கொடுக்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

எப்படி வசூல் செய்கிறது?

வெள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒரு மோல் வெள்ளி அணுக்களிடமிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்கச் செலவு சுமார் 731 கிலோஜூல். இரண்டாவதை எடுக்க சுமார் 2070 கிலோஜூல். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! வெள்ளி ஒன்றோடு நிறுத்திக்கொள்வதன் ரகசியம் இதுதான். இரண்டாவதைக் கேட்டு வருகிறவன் அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு வரவு காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வியாபாரம் நடக்காது.

ஃபுளூரினால் அது முடிகிறது. இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, இரண்டு ஃபுளூரின் அணுக்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்டிருக்கும் பிணைப்பு ரொம்ப பலவீனமானது. உடைக்க மோலுக்கு சுமார் 158 கிலோஜூல் போதும். குளோரினுக்கு 243 வேண்டும். அதாவது கடையைத் திறக்கவே ஃபுளூரினுக்குச் செலவு குறைவு. இரண்டாவது, அணு மிகச் சிறியது. அதனால் உலோகத்தின் மிக அருகில் போய் ஒட்டிக்கொள்கிறது, கிடைக்கும் பிணைப்பும் பலமானது. செலவு குறைவு, வரவு அதிகம். லாப நட்டக் கணக்கு தானாகவே சரியாகிவிடுகிறது.

அப்படிப் பிறந்ததுதான் வெள்ளி டைஃபுளூரைடு. ஜெர்மனியின் ஓட்டோ ரூஃப் 1934-இல் தயாரித்தார். இதில் வெள்ளி +2. தண்ணீர் பட்டால் சீறும். கொலுசிலும் குத்துவிளக்கிலும் இருக்கும் அந்தச் சாதுவான வெள்ளிதான் இது என்றால் நம்புவது கஷ்டம். பொட்டாசியம் துணையோடு நிக்கலை +4-க்குத் தள்ளினால் சிவப்பு நிற உப்பு கிடைக்கும். சீசியம் துணையோடு செம்பையும் +4 வரை தள்ளியிருக்கிறார்கள்.

அப்படியானால் எல்லா ரெக்கார்டும் ஃபுளூரின் கையில்தானா? இல்லை, இங்கேதான் ஒரு வேடிக்கை. ஒரு ஃபுளூரின் ஒரே ஒரு எலக்ட்ரானைத்தான் எடுக்கும். ஆக்சிஜன் கணக்குப்படி ஆளுக்கு இரண்டு எடுக்கும். ஆஸ்மியம் என்ற உலோகத்தை +8-க்குக் கொண்டுபோக நான்கு ஆக்சிஜன் போதும், அந்தச் சேர்மம் பரிசோதனைக் கூடங்களில் சாதாரணமாகப் புழங்குகிறது. அதே +8-ஐ ஃபுளூரின் சாதிக்க வேண்டுமென்றால் ஒரு சின்ன அணுவைச் சுற்றி எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார வேண்டும். இடம் ஏது? மாங்கனீசும் அப்படித்தான். ஆக்சிஜனோடு +7 வரை போகும், ஃபுளூரின் மட்டும் சேர்ந்தால் +4-ஐத் தாண்டவில்லை. 2014-இல் இரிடியத்தை +9 வரை கொண்டுபோனதும் ஆக்சிஜன்தான். ஆக, மிக உயர்ந்த எண் வேண்டுமானால் ஆக்சிஜன். 'கொடுக்கவே மாட்டேன்' என்று அடம் பிடிப்பவனிடம் அடுத்த ஒன்றைப் பிடுங்க வேண்டுமானால் ஃபுளூரின். இரண்டும் வேறு வேறு திறமைகள்.

காகிதக் கணக்கும் நிஜமும்

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிளாட்டினம் +6 என்று எழுதினால், அந்த அணுவை விட்டு ஆறு எலக்ட்ரான்கள் நிஜமாகவே வெளியேறிவிட்டன என்று அர்த்தமில்லை. எலக்ட்ரான்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பகிரப்பட்டுத்தான் இருக்கும். யார் பக்கம் இழுப்பு அதிகமோ, அவர் பெயரில் முழுவதையும் எழுதிவிடுவது கணக்கு விதி. கூட்டு வியாபாரத்தில் பெரிய பங்குக்காரர் பெயரிலேயே எல்லாச் சொத்தையும் எழுதி வைப்பது மாதிரி.

அப்படியென்றால் இந்த எண் வெறும் காகிதம்தானா? அதற்கு எதற்கு இத்தனை மரியாதை? நியாயமான கேள்வி. ஒரு கடன்காரனின் நிலை எவ்வளவு மோசம் என்பது ஏட்டில் இருக்கும் தொகையைப் பார்த்தால் முழுதாகத் தெரியாது. பணம் வேண்டி அவன் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறான் என்று பார்த்தால்தான் தெரியும். வழக்கத்துக்கு மேல் எலக்ட்ரானை இழந்த உலோகமும் அப்படித்தான். எங்கே கிடைக்கும், யாரிடம் பிடுங்கலாம் என்று அலையும். அப்படி அலைந்த ஒரு பிளாட்டினம் சேர்மம் தட்டிய கதவு, 1962-இல் வேதியியல் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தையே கிழித்துப் போட்டது.

வான்கூவரில் ஒரு வெள்ளிக்கிழமை

பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு, அதாவது பிளாட்டினம் +6, முதன்முதலில் 1957-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அணு ஆராய்ச்சிக்கு யுரேனியம் ஹெக்ஸாஃபுளூரைடு தேவைப்பட்டதால் ஃபுளூரினைக் கையாளும் வித்தை அங்கே கைவந்திருந்தது. ஆறு ஃபுளூரின்கள் சுற்றி நிற்க, நடுவில் ஒரு பிளாட்டினம். அடர் சிவப்பு ஆவி.

அதே காலத்தில் நீல் பார்ட்லெட் என்ற இளைஞர் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். 1932-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். 1958-இல் கனடாவின் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போனார். கண்ணாடிக் கருவியில் பிளாட்டினம் சேர்மங்களை ஃபுளூரினோடு சூடாக்கும்போது அவருக்கு அடிக்கடி ஒரு சிவப்புத் திடப்பொருள் கிடைத்தது. அது என்னவென்று புரியவில்லை. கண்ணாடியை ஃபுளூரின் தாக்கினால் ஆக்சிஜன் வெளிவரும், அது உள்ளே நுழைந்திருக்கும் என்பது மட்டும் தெளிவு.

அவரும் அவருடைய மாணவர் லோமனும் சேர்ந்து உடைத்துப் பார்த்ததில் ஒரு பூதம் கிளம்பியது. அந்தப் பொருளில் ஆக்சிஜன் மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கியிருக்கவில்லை, கொடுத்திருந்தது! பிளாட்டினம் +6, ஆக்சிஜனிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு +5-க்கு இறங்கியிருந்தது. உலகத்தையே துருப்பிடிக்க வைக்கும் ஆக்சிஜனுக்கே இந்தக் கதி. கேட்டவர்களில் நம்பாதவர்கள் இருந்தார்கள். சாதாரண அறை வெப்பத்தில் ஆக்சிஜனையும் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு ஆவியையும் நேராகச் சேர்த்து, அதே சிவப்புப் பொருள் வருவதை அவர்கள் காட்டினார்கள்.

பலர் இந்த இடத்தில் கட்டுரையை அச்சுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். பார்ட்லெட் ஒரு அட்டவணையைப் பார்த்தார். எந்தப் பொருளிடமிருந்து ஒரு எலக்ட்ரானை எடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று காட்டும், எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற சாதாரண அட்டவணை. ஆக்சிஜன் மூலக்கூறுக்கு சுமார் 12 எலக்ட்ரான் வோல்ட். கண்ணை நகர்த்தினால் செனானுக்கும் சுமார் 12 எலக்ட்ரான் வோல்ட். ஏறக்குறைய ஒரே விலை!

செனான் யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் என்ற மந்த வாயுக் குடும்பத்தில் ஒன்று. 1898-இல் கண்டுபிடித்தபோது வைத்த பெயருக்கே கிரேக்கத்தில் அந்நியன் என்று பொருள். யாரோடும் கொடுக்கல் வாங்கல் இல்லாத குடும்பம். முவாசானே 1895-இல் ஆர்கானையும் ஃபுளூரினையும் சேர்த்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. 1933-இல் லைனஸ் பாலிங் செனான் ஃபுளூரினோடு சேர வேண்டும் என்று கணித்தார். அவர் சொல்லைக் கேட்டு கால்டெக்கில் யோஸ்ட், கே என்ற இருவர் மின்பொறி பாய்ச்சியெல்லாம் முயன்றார்கள், தோல்வி. அதன்பிறகு கேள்வி கேட்பதையே உலகம் நிறுத்திவிட்டது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் நிறைவு, நிறைந்தவன் கொடுக்கவும் மாட்டான் வாங்கவும் மாட்டான் என்று பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டே போயின. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைப் படித்துத் தேர்வு எழுதினார்கள்.

1962 மார்ச் 23, வெள்ளிக்கிழமை. மாலை நேரம். மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பார்ட்லெட் தனியாக இருந்தார். ஒரு பக்கம் நிறமில்லாத செனான், மறுபக்கம் சிவப்பு ஆவியாக பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு, நடுவில் மெல்லிய கண்ணாடித் தடுப்பு. தடுப்பை உடைத்தார். இரண்டு வாயுக்களும் கலந்த உடனே கண்ணாடிச் சுவரில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் திடப்பொருள் படிந்தது. சூடாக்கவில்லை, அழுத்தவில்லை, மின்பொறி விடவில்லை. சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை. அவருக்கு வயது 29.

அந்த ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்து வேதியியல் சங்கத்தின் இதழில் ஒரு சின்னக் குறிப்பாக இது வெளிவந்தது. சில மாதங்களுக்குள் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் செனானையும் ஃபுளூரினையும் நேரடியாகச் சேர்த்து செனான் டெட்ராஃபுளூரைடு செய்துவிட்டார்கள். ஜெர்மனியில் ருடால்ஃப் ஹோப்பே குழு செனான் டைஃபுளூரைடு செய்தது. இதில் ரொம்பவே உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. செனானையும் ஃபுளூரினையும் கண்ணாடிக் குடுவையில் போட்டு வெயிலில் வைத்தாலே செனான் டைஃபுளூரைடு உருவாகிவிடும் என்று பின்னால் தெரியவந்தது. வெறும் வெயில்! 1933-க்கும் 1962-க்கும் இடையில் போன 29 ஆண்டுகளுக்கு வேதியியல் காரணமில்லை. 'அது கொடுக்காது' என்ற நம்பிக்கைதான் குடுவைக்கு மூடி போட்டிருந்தது.

பார்ட்லெட் எழுதிய முதல் பதிவும் பின்னால் திருத்தப்பட்டது. செனான் +1, பிளாட்டினம் +5 என்று எளிமையாக அவர் எழுதினார். அன்று கிடைத்தது ஒரே பொருள் இல்லை, செனானும் ஒரு ஃபுளூரினும் சேர்ந்த அயனி கொண்ட சேர்மங்களின் கலவை என்று பிறகு தெரிந்தது. அதாவது செனான் கணக்கில் +2. பதிவில் பிழை, ஆனால் வியாபாரம் நடந்தது உண்மை.

இதற்கு அவர் கொடுத்த விலை சின்னதல்ல. 1963 ஜனவரியில் செனான் சேர்மம் ஒன்றைக் கூர்ந்து பார்க்கும்போது அது வெடித்தது. அவரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் ஒருவரும் சுமார் நான்கு வாரம் மருத்துவமனையில் கிடந்தார்கள். கண்ணில் புகுந்த கண்ணாடித் துண்டுகளில் கடைசித் துண்டை எடுத்தது 27 ஆண்டுகள் கழித்து! நோபல் பரிசு அவருக்குக் கடைசி வரை வரவில்லை. 2008 ஆகஸ்ட் 5 அன்று கலிஃபோர்னியாவில் காலமானார். வேதியியல் புத்தகத்தின் ஒரு விதியையே மாற்றி எழுத வைத்தவருக்கு அந்தப் பரிசு ஏன் போகவில்லை என்று படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தோன்றும்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் உலோகங்கள்

பிளாட்டினம் மட்டும்தான் இப்படி என்றில்லை. இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கு யுரேனியம் ஹெக்ஸாஃபுளூரைடைத் தாங்கும் எண்ணெய்களும் திரவங்களும் தேவைப்பட்டன. சாதாரண எண்ணெய் அதைத் தாங்காது. எண்ணெயில் இருக்கும் ஹைட்ரஜன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஃபுளூரினை வைத்தால் தாங்கும். ஆனால் ஃபுளூரின் வாயுவை நேராக எண்ணெய் மேல் விட்டால் வெடிக்கும், இல்லையென்றால் கரியாகும். வழி காட்டியது கோபால்ட் டிரைஃபுளூரைடு. கோபால்ட் வழக்கமாக +2-இல் நிம்மதியாக இருக்கிற உலோகம், இதில் +3. தன்னிடம் அதிகப்படியாக இருக்கும் ஒரு ஃபுளூரினை எண்ணெய்க்கு நிதானமாகக் கொடுத்துவிட்டு +2-க்கு இறங்கிவிடும். மறுபடி ஃபுளூரின் வாயுவைக் காட்டினால் +3-க்கு ஏறும். கந்துவட்டிக்காரனிடம் மொத்தமாக வாங்கி, மற்றவர்களுக்குத் தவணை முறையில் கொடுக்கும் இடைத்தரகர்!

இதைவிட அழகான கேஸ் மாங்கனீசுடையது. முவாசான் மின்சாரத்தால் ஃபுளூரினைப் பிரித்ததிலிருந்து நூறு ஆண்டுகள் வரை, மின்சாரம் இல்லாமல் வெறும் வேதிவினையால் பயன்படும் அளவுக்கு அதைத் தயாரிக்க எவராலும் முடியவில்லை. இருப்பதிலேயே பெரிய பிடுங்கி அது, அதனிடமிருந்து யார் பிடுங்குவது? 1986-இல், சரியாக நூறாவது ஆண்டில், கலிஃபோர்னியாவில் ராக்கெட்டைன் நிறுவனத்தில் இருந்த கார்ல் கிறிஸ்டே வேறு மாதிரி யோசித்தார். ஃபுளூரினிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க நேராகப் போராட வேண்டாம். தன் கடனைத் தாங்க முடியாத ஒரு உலோகத்தை உருவாக்கிவிட்டால் போதும், அதுவே கணக்கை முடித்துக்கொண்டு ஃபுளூரினை வெளியே விட்டுவிடும்.

மாங்கனீசு +4, ஆறு ஃபுளூரைடுகள் சுற்றி நிற்கும்போது பத்திரமாக இருக்கும். பொட்டாசியத்தோடு சேர்ந்த அந்த உப்பைப் புண் கழுவப் பயன்படும் ஊதாநிறப் பொட்டாசியம் பர்மாங்கனேட்டிலிருந்தே செய்யலாம், ஃபுளூரின் வாயு தேவையில்லை. அதோடு ஆண்டிமனி பென்டாஃபுளூரைடைச் சேர்த்து 150 டிகிரிக்குச் சூடாக்கினார் கிறிஸ்டே. ஆண்டிமனி சேர்மத்துக்கு ஃபுளூரைடு அயனிமேல் தீராத பசி. உப்பிலிருந்து இரண்டு ஃபுளூரைடுகளை அது இழுத்துக்கொண்டது. மிச்சமிருந்த மாங்கனீசு டெட்ராஃபுளூரைடால் +4-ஐத் தனியாகத் தாங்க முடியவில்லை. +3-க்கு இறங்கி, ஃபுளூரின் வாயுவைக் கக்கிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு சரக்குகளுமே பல காலமாக அலமாரியில் இருந்தவைதான். சேர்த்துப் பார்க்க ஒரு ஆளுக்குத்தான் நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

பார்ட்லெட்டும் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்கு மாறிய பிறகு, ஸ்லோவேனியாவின் போரிஸ் ஜெம்வா போன்றவர்களோடு சேர்ந்து +3 வெள்ளியையும் +4 நிக்கலையும் தயாரித்தார். 1990-களில் அவர் குழு காட்டியது இது: நீர் கலக்காத ஹைட்ரஜன் ஃபுளூரைடில், தகுந்த அமிலத் துணையோடு, இந்த வெள்ளியும் நிக்கலும் +5-இல் இருக்கும் பிளாட்டினத்திடமிருந்து இன்னொரு எலக்ட்ரானைப் பிடுங்கி +6-க்குத் துரத்தும். ஆக்சிஜனையும் செனானையும் மிரட்டிய பிளாட்டினத்தையே மிரட்டுகிற ஆட்கள்! ஊருக்கு ஊர் பெரிய ரவுடி இருப்பான் போலிருக்கிறது :)

தணிக்கை

எந்தப் பேரேட்டிலும் பொய்ப் பதிவு வரும், அதைப் பிடிக்கத் தணிக்கையாளர் வேண்டும். +5-இல் உள்ள தங்கம் உண்மை. அந்த அயனியை 1972-இல் உலகத்துக்குக் காட்டியதும் பார்ட்லெட் குழுதான். அதற்குப் பிறகு 1986-இல் சோவியத் ஆராய்ச்சியாளர்கள் ஏழு ஃபுளூரின் கொண்ட தங்கத்தை, அதாவது தங்கம் +7-ஐத் தயாரித்ததாக அறிவித்தார்கள். புத்தகங்களிலும் அது ஏறியது. 2007-இல் ஹிம்மல், ரீடல் என்ற இருவர் கணினிக் கணக்கீட்டால் சோதித்தார்கள். தங்கம் +7 நிற்கவே நிற்காது. ஐந்து ஃபுளூரின் கொண்ட தங்கம், பக்கத்தில் தனி ஃபுளூரின் மூலக்கூறு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். கடைக்கு வந்து போகிற இரண்டு பேரை வேலையாட்கள் பட்டியலில் சேர்த்துச் சம்பளக் கணக்கு எழுதினது மாதிரி!

அதே 2007-இல் எதிர்த் திசையில் ஒன்று நடந்தது. பாதரசம் +2-ஐத் தாண்டாது என்பது பழைய விதி. தாண்டும், நான்கு ஃபுளூரினோடு +4 ஆகும் என்று 1993-இல் மார்ட்டின் காப் உள்ளிட்டோர் கணக்கிட்டிருந்தார்கள். பாதரச அணுக்களையும் ஃபுளூரினையும் உறைந்த நியானுக்குள் 4 கெல்வின் குளிரில் சிறை வைத்து, அகச்சிவப்பு ஒளியில் அதன் அடையாளத்தைக் கண்டதாக அமெரிக்க, ஜெர்மன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 4 கெல்வின் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி. பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கிற சரக்கு இல்லை. அதை வைத்துப் பாதரசத்தை இடைநிலை உலோகங்களோடு சேர்க்கலாமா கூடாதா என்று சண்டையே நடந்தது. குளிரில் சில மூலக்கூறுகள் தலைகாட்டியதற்காகக் குடும்பப் பட்டியலை மாற்றுவதா என்பது ஒரு பக்கத்தின் கேள்வி. ஒருமுறை கொடுத்தாலும் கொடுத்ததுதானே என்பது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இதனால் என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மின்சாரமில்லாமல் ஃபுளூரினைக் கொடுத்த அந்தப் பொட்டாசியம் மாங்கனீசு உப்பு இருக்கிறதே, அதே மாங்கனீசு +4, ஆறு ஃபுளூரின்களோடு, பொட்டாசியம் சிலிக்கான் ஃபுளூரைடு என்ற உப்புக்குள் துளித்துளியாகக் கலக்கப்பட்டு இன்று பல எல்.ஈ.டி. திரைகளில் சிவப்பு நிறத்தைக் கொடுக்கிறது. நீல ஒளியை வாங்கிக்கொண்டு சுமார் 630 நானோமீட்டரில் மிகக் கூர்மையான சிவப்பாகத் திருப்பித் தரும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 2010-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. செனான் டைஃபுளூரைடு, நுண்ணிய சிலிக்கான் கருவிகள் செய்யும்போது சிலிக்கானை மட்டும் அரித்தெடுக்க உதவுகிறது. 'யாரோடும் சேராத' வாயு தொழிற்சாலை வேலைக்குப் போகிறது.

1934-இன் வெள்ளி டைஃபுளூரைடு மேல் இப்போது புதுக் கண் விழுந்திருக்கிறது. மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் செம்பு ஆக்சைடுகளில் செம்பு +2 எப்படி அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே மாதிரி இதில் வெள்ளி +2 உட்கார்ந்திருக்கிறது. போலந்தின் வோய்சியெக் குரோகாலா 2001-இலிருந்தே இதைச் சொல்லி வருகிறார். 2019-இல் அவர் பங்குகொண்ட ஆய்வு, காந்தத் தன்மையிலும் இரண்டும் நெருங்கிய உறவு என்று காட்டியது. மின்கடத்தலில் அந்த அதிசயம் கைகூடவில்லை, ஆனால் தட்டிப் பார்க்க வேண்டிய கதவு அது.

கடைசியாக ஒரு கணிப்பு. சீசியம் என்ற உலோகம் +1-ஐத் தவிர வேறு எதையும் கொடுக்காது, வெளிக்கூட்டில் இருக்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானோடு சரி, உள்ளே இருப்பது செனானைப் போன்ற நிறைந்த கூடு என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. 2013-இல் மாவ்ஷெங் மியாவ் என்ற ஆய்வாளர் ஒரு கணக்கீட்டை வெளியிட்டார். மிக உயர்ந்த அழுத்தத்தில் ஃபுளூரினோடு சேர்த்தால் சீசியம் +3, +5 வரைக்கும் போகும், அந்த உள்கூட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் என்கிறது அது. 1933-இல் பாலிங் செனானைப் பற்றிச் சொன்னபோதும் அது காகிதத்தில் இருந்த ஒரு கணக்குதான். அதைச் சரிபார்க்க 29 ஆண்டுகள் ஆயின. சீசியத்தின் பக்கத்தில் இன்றைக்குப் பள்ளி அட்டவணையில் +1 என்றுதான் இருக்கிறது. தேர்வில் அப்படியே எழுதுங்கள், மார்க் கிடைக்கும். ஆனால் பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.